இரண்டு கம்பங்களும் ஒரு பெயரும்

1

படவேட்டில் இருக்கும் என் தோழி ஒவ்வொரு கடிதத்திலும் ஒரே பாட்டைப் பாடுகிறாள். "அந்த ஊரப் பத்தி எழுதி அனுப்புடி, இங்க பத்து பேரு சேந்து படிக்கிறோம்." இதுவரை பனியைப் பற்றி எழுதினேன், ஆட்டு மந்தைகளைப் பற்றி எழுதினேன், குழாயைத் திருகினால் வெந்நீர் கொட்டுவதைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். எல்லாமே கொஞ்சம் பெருமையடித்துக்கொண்ட குறிப்புகள்தான். இந்தத் தடவை பெருமைக்கு இடமில்லை. போன மாதம் ஆற்றங்கரையில் நடந்த ஒன்றை எழுதப் போகிறேன். அதற்கு முன்னால் ஒரு படகைப் பற்றியும், அதை ஏற்றும் வண்டியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே, நியூசிலாந்தின் தென் தீவில், மலையிலிருந்து இறங்கும் ஆறுகள் அகலம் அதிகம், ஆழம் குறைவு. கூழாங்கல் மேட்டுக்கு நடுவே ஐந்தாறு கிளையாகப் பிரிந்து ஓடும். அதில் ஓட்டுவதற்கென்றே ஒரு படகு இருக்கிறது. ஜெட் படகு என்கிறார்கள். மற்றப் படகு போல இதற்கு அடியில் விசிறியும் கிடையாது, பின்னால் சுக்கானும் கிடையாது. அடிவயிற்றால் தண்ணீரை உறிஞ்சிப் பின்பக்கமாகப் பீய்ச்சியடிக்கும். கணுக்கால் தண்ணீரிலும் பறக்கும். பீய்ச்சும் வாயை எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அதை வைத்துத்தான் படகு திரும்பும். இதில்தான் சங்கடம். இன்ஜினைத் தணித்தால் பீய்ச்சல் நின்றுபோகும். பீய்ச்சல் நின்றால் படகு யார் பேச்சையும் கேட்காது, ஆறு தள்ளும் பக்கம் போகும். ஆபத்து என்றால் நிறுத்து என்று நமக்குச் சொல்லி வளர்த்த புத்தி இதனிடம் செல்லாது. கரைக்கு வரும்போதும் கொஞ்சம் முறுக்கிக்கொண்டேதான் வர வேண்டும்.

படகை வீட்டுக்குக் கொண்டுபோக, காருக்குப் பின்னால் டிரெய்லர் மாட்டுவோம். டிரெய்லரைப் பின்பக்கமாகத் தண்ணீருக்குள் இறக்கி நிறுத்த வேண்டியது. படகை நேராக ஓட்டிவந்து அதன்மேல் ஏற்ற வேண்டியது. சொல்வதற்குச் சுலபம். டிரெய்லர் மூழ்கிவிட்டால் படகில் இருப்பவருக்கு அது எங்கே இருக்கிறதென்றே தெரியாது. அதற்காக அதன் கடைசியில் இரண்டு ஓரத்திலும் ஆள் உயரத்துக்கு இரண்டு கம்பம் நிறுத்தியிருப்பார்கள். கைடு என்பார்கள். தண்ணீருக்கு மேலே அந்த இரண்டு கம்பத்தையும் பார்த்து, அதற்கு நடுவே படகை விட்டால் போதும். கொஞ்சம் விலகினாலும் கம்பத்தில் உரசி நடுவுக்கு வந்துவிடும். கீறல் விழாமலிருக்கக் கம்பத்தைச் சுற்றிப் பழைய கம்பளம் சுற்றியிருக்கும். கரும்பு வண்டியின் இரண்டு ஓரத்திலும் செருகும் குச்சிகளை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அதுதான்.

என் வீட்டுக்காரருடன் சாலைப் பிரிவில் வேலை பார்த்தவர் ஒருவர் ஊர் மாறிப் போகும்போது இந்தப் படகைச் சல்லிசாகத் தள்ளிவிட்டுப் போனார். அன்றிலிருந்து சனிக்கிழமை என்றால் ஆறுதான். படகு அவருக்கு, கார் எனக்கு. எங்கள் மகள் செல்விக்கு ஒன்பது வயது. நாங்கள் இரண்டு பேரும் சொல்வதையெல்லாம் செய்ய வேண்டியது அவள்.

2

கல்யாணத்துக்கு முன்னால் நான் ஜவ்வாது மலை நெல்லிவாசல்நாட்டில் ஒரு சின்ன மருத்துவ நிலையத்தில் நர்ஸாக இருந்தேன். எழுபதுகளின் நடுவில். மலைமேல் ரோடு போட வந்த ஓவர்சீயர்தான் பிறகு என் வீட்டுக்காரர் ஆனார். அந்தக் கதை உங்களுக்கெல்லாம் தெரியும், விட்டுவிடுகிறேன்.

ஒருநாள் சாமை அறுப்பு நேரத்தில் ஒரு பெண்ணைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். தலைப்பிரசவம். வலி பின்னியெடுக்கிறது. பதிவு எழுத வேண்டுமே, புருஷன் பேர் என்ன என்று கேட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"அது வெளியதான் நிக்குதும்மா, அதையே கேட்டுக்குங்க."

"உயிர் போற வலியில கூட பேரு வராதா ஒனக்கு?"

"வலி வந்தா வந்துட்டுப் போவட்டும்மா. பேரு வாணாம்."

அவளோடு வந்த நாத்தனார்தான் பேரைச் சொன்னாள். நான் எழுதிக்கொண்டு சிரித்தேன். அன்றைக்குச் சாயங்காலம் மற்ற நர்ஸிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். படித்தவள், வெள்ளைச் சேலைக்காரி, காட்டு ஜனம் இப்படித்தான் என்று வேறு பேசினேன். அந்தச் சிரிப்பு இப்போது என் காதில் கேட்கிறது. கேட்கச் சகிக்கவில்லை.

அடுத்த தையில் எனக்குக் கல்யாணம். செங்கத்தில் குடித்தனம். ரேஷன் கார்டில் பேர் சேர்க்க வரிசையில் நின்றேன். குமாஸ்தா நிமிராமலே கேட்டார்.

"வூட்டுக்காரரு பேரு?"

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. திரும்பிப் பார்த்தேன், எனக்காகச் சொல்ல யாராவது தெரிந்தவர்கள் நிற்கிறார்களா என்று. யாருமில்லை.

"ஆறுக்கு அடுத்தது இன்னா சார் வரும்? அதோட, தோ, நம்ம ஜவ்வாது இருக்குதே, அது இன்னாவோ அது."

குமாஸ்தா பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். "ஏழுமலையா? ஏம்மா, நர்சுன்னு எழுதிக்கிறே, இதுக்கு இவ்ளோ சுத்தா!" வரிசை முழுக்கச் சிரித்தது. எனக்கும் வெட்கம்தான். ஆனால் அதில் ஒரு இனிப்பும் இருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், அந்த இனிப்பு எனக்குப் பிடித்திருந்தது. அதற்குப் பிறகு கடையில் முட்டை எண்ணினால்கூட ஆறுக்குப் பிறகு எட்டுக்குத் தாவிவிடுவேன். எனக்குத்தான் ஒரு முட்டை நஷ்டம், கடைக்காரர் எண்ணித் திருத்த வேண்டியிருக்கும். மருந்து அளக்கும்போது மட்டும் இங்கிலீஷில் எண்ணுவேன். செவன் என்பதற்கு எந்தத் தடையும் இல்லை.

3

இங்கே வந்து பதினோரு வருஷமாகப் போகிறது. வந்த புதிதில் எனக்குப் பெரிய அதிர்ச்சி இங்கிலீஷ் அல்ல, பெயர்கள்தான். எண்பது வயதுக் கிழவரை, என் தாத்தா வயதுக்காரரை, "பீட்டர், மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்க வேண்டும். "சார்" என்று கூப்பிட்டால் அவர்கள் முகம் சுருங்குகிறது, நான் ஏதோ தள்ளி நிறுத்திவிட்டது போல. ஒரு மாதத்தில் பழகிவிட்டேன். வார்டு முழுக்க நான் பேர் சொல்லிக் கூப்பிடாத ஆம்பிளை இல்லை.

வீட்டுக்கு வந்தால் "இன்னாங்க". சாப்பாடு ஆனாலும் இன்னாங்க, டெலிபோன் வந்தாலும் இன்னாங்க, பல்லி விழுந்தாலும் இன்னாங்க. விசா ஆபீஸில், வங்கியில், பள்ளிக்கூடத்தில் கணவர் பெயர் கேட்கிற இடமெல்லாம் எழுதிக் காட்டிவிடுவேன். என் இங்கிலீஷ் உச்சரிப்பு அவர்களுக்குப் புரியாது என்று ஒரு சாக்கு. அதை எல்லோரும் நம்பினார்கள். அவரும் ஒரு நாளும் என்னைச் சொல்லச் சொல்லிக் கேட்டதில்லை. கேட்கக்கூடாத ஒன்று அது.

செல்வி இங்கேயே பிறந்தவள். தமிழ் கேட்பாள், பதில் இங்கிலீஷில் வரும். அவளுக்குப் பக்கத்து வீட்டுச் சிநேகிதி ஒருத்தி. அவள் தன் அம்மாவின் இரண்டாவது புருஷனைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாள். போன கோடையில், வீட்டில் நம்மூர்க்காரர்கள் இரண்டு குடும்பம் சாப்பிட வந்திருந்த அன்று, செல்வி அந்தச் சிநேகிதியைப் போலவே வாசலில் நின்று கத்தினாள்.

"ஏழுமலை! டீ ரெடி!"

அவர் சிரித்துவிட்டார். விருந்தாளிகளும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு ஆகவில்லை. பெண்ணை எப்படி வளர்த்திருக்கிறாள் பார் என்று ஊருக்குக் கடிதம் போகும் என்று தோன்றியது. எழுந்து போய் முதுகில் ஒன்று வைத்தேன்.

"அப்பா பேரையா சொல்ற? இன்னொரு தரம் அந்தப் பேரு வாயில வரட்டும், சூடு வெச்சிருவேன்."

அவள் அழவில்லை. விருந்தாளிகள் முன்னால் அழக்கூடாது என்று தெரிந்த பெண். அதற்கப்புறம் ஒரு நாளும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் அப்பா பெயர் கேட்டபோதுகூட, "அம்மா எழுதித் தருவாங்க" என்று சொல்லிவிட்டு வந்தாளாம். டீச்சர் என்னிடம் ஆச்சரியமாகச் சொன்னார். நான் பெருமைப்பட்டேன். அன்று பெருமைப்பட்டேன் என்பதை எழுதும்போது கை கூசுகிறது.

4

அந்தச் சனிக்கிழமை இடது கம்பத்தின் போல்ட் காணாமல் போயிருந்தது.

"இன்னைக்கி கயித்தால கட்டிக்கலாம் சரோ. திங்கக்கெழமை கடைல வாங்கிப் போட்டுர்றேன்" என்றார் அவர். கட்டினார். இறங்கும்போது ஒன்றும் ஆகவில்லை. நாள் முழுக்க ஆற்றில் சுற்றினோம். சாயங்காலம் என்னையும் செல்வியையும் கரையில் இறக்கிவிட்டு, திரும்பி நேராக வருவதற்காக அவர் படகைக் கொஞ்சம் தூரம் ஓட்டிக்கொண்டு போனார். வெயில் தாழ்ந்து தண்ணீர்மேல் விழுந்து கண்ணைக் கூசவைத்தது. நான் காரை எடுத்து டிரெய்லரைப் பின்பக்கமாகத் தண்ணீரில் இறக்கினேன்.

இறங்கிப் பார்த்தால் கயிறு நழுவியிருக்கிறது. இடது கம்பம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. இப்படி இருந்தால் அவர் எதைப் பார்த்து வருவார்? ஓடிப்போய்க் கட்டலாம், ஆனால் அதற்குள் வந்துவிடுவார். அவரை இன்னொரு சுற்று சுற்றிவரச் சொன்னால் போதும்.

"செல்வி, இதைக் கொஞ்சம் நிமித்திப் புடி. அப்பாவ வராதீங்கன்னு சொல்லிட்டு ஓடியாந்துர்றேன், கட்டிக்கலாம்."

அவள் முழங்கால் தண்ணீரில் இறங்கி, கம்பத்தை நிமிர்த்தி, இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் மேட்டில் ஏறிக் கையை ஆட்டினேன்.

"இன்னாங்க! இன்னாங்க! வராதீங்க!"

அவர் அங்கே திரும்பிவிட்டார். அவர் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். கண் கூசுகிறது. கரையில் பெண்டாட்டி கையை ஆட்டுகிறாள். தண்ணீருக்கு மேலே இரண்டு கம்பமும் ஒழுங்காக நிமிர்ந்து நிற்கின்றன. கம்பத்தோடு ஒட்டி நிற்கும் சின்னப் பெண் தெரியவில்லை. அவரும் ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, இன்ஜினை முறுக்கி வந்தார்.

பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என்னைவிடச் சீக்கிரம் புரிந்துகொண்டார். தூண்டிலைக் கீழே போட்டுவிட்டு "ஹேய்! ஹேய்!" என்று கத்தினார். அந்த ஆற்றில் யாரைப் பார்த்தாலும் வணக்கத்துக்குப் பதில் ஹேய்தான். படகு வந்துகொண்டே இருந்தது. பெரியவர் என் பக்கம் திரும்பினார்.

"அவர் பெயர் என்ன?"

நான் சொல்லவில்லை.

மறந்துபோகவில்லை, பயத்தில் வாயடைத்தும் போகவில்லை. பெயர் தொண்டைவரை வந்து நின்றது. கண் தானாகவே சுற்றுமுற்றும் தேடியது, செங்கம் ரேஷன் ஆபீஸில் தேடியது போலவே, என் சார்பில் சொல்ல யாராவது இருக்கிறார்களா என்று. அந்தக் கரையில் அவர் பெயர் தெரிந்த இன்னொரு ஆள் ஒருத்திதான் இருந்தாள்.

"செல்வி! அப்பா பேரச் சொல்லிக் கூப்புடுடி!"

விட்டுட்டு ஓடி வாடி என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்கு வேண்டிய மூச்சும் குறைவு, வார்த்தையும் குறைவு. அது எனக்குத் தோன்றவே இல்லை. என் பெண்ணை அந்த இடத்திலேயே நிறுத்தி, என் வாய் செய்ய மறுத்த வேலையை அவளைச் செய்யச் சொன்னேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். உதடு அசைந்தது. இன்ஜின் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. நான் கையை ஆட்டினேன், கூப்பிடு, கூப்பிடு என்று. அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஆற்றுப்பக்கம் திரும்பி அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"ஏழுமலை!"

அது அவருக்குக் கேட்டது. மகள் குரலில் தன் பெயர். திடுக்கிட்டு இன்ஜினை அடியோடு தணித்துவிட்டார். அப்படித் தணித்தால் என்ன ஆகும் என்று முதலிலேயே சொன்னேன். இன்னும் கொஞ்சம் முன்னால் கேட்டிருந்தால் முறுக்கித் திருப்பிக்கொண்டு போக இடம் இருந்திருக்கும். இப்போது இடமில்லை. படகு பேச்சுக் கேட்காமல் போனது. ஆறு அதைப் பக்கவாட்டில் தள்ளி, இடது கம்பத்தின்மேல், கம்பத்தைப் பிடித்திருந்த கைமேல் கொண்டுவந்து சாத்தியது.

5

நான் வேலை பார்க்கும் அதே ஆஸ்பத்திரிதான். இடது கையில் இரண்டு விரல் முறிவு. மோதிர விரல் இனி முழுசாக மடங்காது என்று டாக்டர் பிறகு சொன்னார். பதிவு மேஜையில் என்னோடு வேலை பார்க்கும் பெண்தான் உட்கார்ந்திருந்தாள். பழக்கத்தில் கேட்டாள், அப்பா பெயர்?

"ஏழுமலை" என்றேன்.

எந்தச் சிரமமும் இல்லை. கேட்டதும் வந்தது. நாக்கு எரியவில்லை, கூரை இடிந்து விழவில்லை. அவள் எழுத்துக்கூட்டச் சொன்னாள், கூட்டினேன். அந்த மேஜைமுன் நின்ற அவமானத்தை எப்படிச் சொல்வது? இவ்வளவு சுலபமான ஒன்றை வைத்துக்கொண்டா ஆற்றங்கரையில் அப்படி நின்றேன்!

அவர் வராந்தாவில் ஈர உடையோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நான் கூப்ட்டது கேக்கலீங்களா?"

"இன்னாங்க மட்டும் கேட்டுச்சு. நீ எல்லாத்துக்கும் இன்னாங்கன்னு தானே கூப்புடுவ. ரெடி, வாங்கன்னு சொல்றேன்னு நெனச்சிட்டேன்." சட்டை நுனியைப் பிழிந்துகொண்டே, "போல்ட்டு நாந்தான் போடல. எம்மேலதான் தப்பு" என்றார்.

நான் இல்லை என்று சொல்லவில்லை. விபத்து நடந்தால் இங்கே அரசாங்கம் செலவைப் பார்த்துக்கொள்ளும், அதற்காக ஓர் அதிகாரி வந்து காரணம் கேட்டார். போல்ட் என்றார் இவர். அதிகாரி எழுதிக்கொண்டு என்னைப் பார்த்தார். நானும் தலையாட்டினேன். போல்ட் என்பது பொய்யில்லை. ஆனால் மிச்சத்தை அந்த ஆளுக்கு எந்த மொழியில் சொல்வேன்? சொல்லியிருந்தாலும் எழுத அவர் படிவத்தில் கட்டம் இருந்திருக்காது. நெல்லிவாசலில் கட்டிலில் படுத்திருந்த அந்தப் பெண் ஞாபகம் வந்தாள். அவள் மறைத்ததில் அவள் வலி மட்டும்தான் இருந்தது. மற்றவர் கையை அவள் பணயம் வைக்கவில்லை. அவளைப் பார்த்தா நான் சிரித்தேன்.

6

போன சனிக்கிழமை மறுபடியும் ஆற்றுக்குப் போனோம். எனக்கு இஷ்டமில்லை. "ஒரே ஒரு தடவ போய்ட்டு வந்துரலாம், இல்லாட்டி அவளுக்குப் பயம் ஒட்டிக்கும்" என்றார் அவர். இரண்டு கம்பத்துக்கும் புது போல்ட், புதுக் கம்பளம். நான் ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. செல்வி கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு காருக்குள்ளேயே இருந்துவிட்டாள்.

சாயங்காலம் டிரெய்லரை இறக்கிவிட்டு மேட்டில் ஏறி நின்றேன். அக்கம்பக்கத்தில் யாருமில்லை. இருந்திருந்தாலும் பரவாயில்லை என்றுதான் போயிருந்தேன்.

"ஏழுமலை! வாங்க!"

பேரையும் சொல்லி வாங்கவும் சொல்கிறேன், எனக்கே சிரிப்பாக இருந்தது. தூரத்தில் அவர் தலை சட்டென்று நிமிர்ந்தது. ஆனால் இன்ஜினைத் தணிக்கவில்லை. அளவாக முறுக்கிக்கொண்டே வந்தார். படகு வலது கம்பத்தில் லேசாக உரசி, நடுவுக்கு வந்து, டிரெய்லரில் அமர்ந்தது. இறங்கி வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கயிற்றைக் கட்டிக்கொண்டே, "நல்லாத்தான் இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

அவர் கட்டி முடிக்கும்வரை காரில் செல்வி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவளும் கேட்டிருப்பாள். இதுவரை கேட்கத் துணியாததை அப்போது கேட்டேன்.

"அன்னைக்கி நான் கூப்புடுன்னதும் என்னப் பாத்து ஏதோ சொன்னியே, இன்னா சொன்ன?"

கட்டுக்கு வெளியே தெரிந்த விரல் நுனியைப் பார்த்துக்கொண்டு, வழக்கத்துக்கு மாறாகத் தமிழிலேயே பதில் சொன்னாள்.

"'திட்ட மாட்டியே?'ன்னு கேட்டேன்மா. நீ ஒண்ணுமே சொல்லல. அதான் கொஞ்ச நேரம் வெயிட் பண்ணேன்."